தருமா செலிக்கா: எஞ்சினை விட முகம் பெரிய வேலை

பழைய ஜப்பானியக் காரைப் புதுப்பிக்கிறேன் என்று சொன்னால் நம் ஆட்கள் முதலில் கேட்பது, "எஞ்சின் எப்படி இருக்கு?" என்றுதான். என்னுடைய 1972 டொயோட்டா செலிக்கா 1600 ஜி.டி.யில் எஞ்சின்தான் சுலபமான பகுதி. பணத்தையும் பொறுமையையும் தின்றது முன்பக்கம். அந்த முன்பக்கத்தை வைத்துத்தான் ஜப்பானியர்கள் இந்த வண்டியை ‘தருமா செலிக்கா’ என்கிறார்கள். அந்தத் தருமா வேறு யாருமல்ல, நம் போதிதருமர்.

செலிக்கா 1970 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் ஃபோர்டு மஸ்டாங் போட்ட போடைப் பார்த்து, இளைஞர்களைக் குறிவைத்து டொயோட்டா இறக்கிய கார். எஞ்சின், கியர்பாக்ஸ், உள் அலங்காரம் என்று வாங்குபவரே தேர்ந்தெடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம். 1600 ஜி.டி. மட்டும் அந்த ஏற்பாட்டுக்கு வெளியே, தனியாக நின்றது. நான் வேலை பார்ப்பது ஜப்பானின் ஐச்சி மாநிலத்தில். செலிக்கா உருவான ட்சுட்சுமி தொழிற்சாலை இங்கிருந்து காரில் போய்வரும் தூரம்தான்.

பட்டப்பெயர் கம்பெனி வைத்ததல்ல, ஜனங்கள் வைத்தது. அந்தக் காலத்து ஜப்பானியக் கார்கள் பலவற்றுக்கும் இப்படி ஒரு செல்லப்பெயர் உண்டு. பெட்டி மாதிரி இருந்த நிஸான் ஸ்கைலைன் ‘ஹாகோசுகா’ ஆனது, ‘ஹாகோ’ என்றால் பெட்டி. டொயோட்டா ஏ.ஈ.86 அதன் எண்ணாலேயே ‘ஹாச்சிரோகு’, அதாவது எட்டு-ஆறு. செலிக்காவுக்குக் காரணம் முகம். நான்கு வட்ட விளக்குகள், நடுவே கருத்த கிரில், அதைக் கீழிருந்து அணைத்து ஓரங்களில் மேலே வளையும் குரோம் பம்பர். நேர் எதிரே நின்று பாருங்கள், தருமா பொம்மையின் உருண்ட முகமும் மீசையும் தெரியும்.

அந்தப் பொம்மை ஜப்பானில் கடைக்குக் கடை, வீட்டுக்கு வீடு இருக்கும். காகிதக்கூழில் செய்த சிவப்பு உருண்டை, கை கால் கிடையாது. ஒன்பது வருடம் சுவரைப் பார்த்தபடி தவமிருந்ததில் போதிதருமருக்குக் கைகால்கள் விழுந்துபோயின என்பது கதை. அடி கனமாக இருப்பதால் தள்ளினாலும் எழுந்து நிற்கும். குன்மா மாநிலத்து தகாசாக்கி ஊர்தான் இதற்குப் பேர்போனது. அங்கே செய்யும் பொம்மையில் புருவம் கொக்கின் வடிவிலும் தாடி ஆமையின் வடிவிலும் இருக்கும். வேண்டுதல் வைக்கும்போது ஒரு கண், நிறைவேறியதும் மறு கண் எழுதுவார்கள்.

நான் வண்டியை விட்டிருந்த பட்டறையின் அலமாரியிலும் ஒற்றைக் கண்ணோடு ஒன்று இருந்தது. பட்டறைக்காரர் எழுபதைத் தாண்டியவர். நான் இந்தியன் என்று தெரிந்ததும், "தருமா சாமி உங்க நாட்டுக்காரர்தானே?" என்றார். தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாவது மகன் என்று பழைய சீனக் குறிப்பு சொல்வதையும், காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசர் என்று எங்கள் பக்கம் சொல்வதையும் சொன்னேன். பிறகு காஞ்சிபுரம் எங்கே இருக்கிறது என்று கைபேசியில் வரைபடத்தைத் திறந்து காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார். அன்றிலிருந்து பம்பர் வேலையை வேறு யார் கையிலும் கொடுக்கவில்லை.

வண்டி நாகானோ பக்கத்திலிருந்து வந்தது. பனி விழும் ஊர் என்றால் சாலையில் உப்புத் தூவுவார்கள், உப்பு என்றால் துரு. மேலுக்குப் பெயின்ட் பளபளவென்று இருந்தது. முன்சக்கரத்தை மூடும் தகடான ஃபெண்டரின் அடிப்பகுதியில் காந்தத்தை வைத்தோம், ஒட்டவே இல்லை. அங்கே தகடே கிடையாது, ஓட்டையை அடைக்கப் பூசும் பட்டி மட்டும்தான். தட்டிப் பார்த்தால் ‘டங்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘டொக்’ என்று வந்தது. பட்டியைச் சுரண்டச் சுரண்ட ஓட்டை பெரிதாகிக்கொண்டே போனது. கதவின் அடி, பின்சக்கர வளைவு, டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழி எல்லாம் இதே கதி. அழுகிய பகுதியை வெட்டி எடுத்து, புதுத் தகட்டை அதே வளைவுக்குத் தட்டி, வெல்டிங்கைப் புள்ளி புள்ளியாக வைத்தார்கள். ஒரே இழுப்பில் வைத்தால் சூட்டில் தகடு நெளிந்துவிடும். ஒரு புள்ளி இங்கே, அடுத்தது ஒரு சாண் தள்ளி, ஆறிய பிறகு நடுவில் ஒன்று.

பம்பருக்குப் புதிது வாங்கிப் போடலாம் என்று சிலர் சொன்னார்கள். நான் சம்மதிக்கவில்லை. இந்த வண்டியோடு பிறந்த முகம் இதுதான். பழைய குரோமையும் நிக்கலையும் உரித்து, பின்பக்கத்திலிருந்து சொட்டைகளைத் தட்டி எடுத்து, செம்பு முலாம் பூசித் தேய்த்து, அதன் மேல் நிக்கல், கடைசியாகக் குரோம். பளபளப்பு குரோமில் இல்லை, அடியில் செம்பை எவ்வளவு தேய்க்கிறோம் என்பதில் இருக்கிறது. முலாமுக்கு அனுப்பும் முன்பே பம்பரை வண்டியில் மாட்டிப் பார்த்தோம். இடது பக்கம் கிரில்லுக்கும் பம்பருக்கும் நடுவே சுண்டுவிரல் நுழைந்தது, வலது பக்கம் காகிதம்கூட நுழையவில்லை. முகம் கோணல். எப்போதோ பட்ட அடியில் பம்பரைப் பிடித்திருக்கும் தாங்கி வளைந்திருந்தது. அதை நிமிர்த்தி, வாஷர்களை மாற்றி மாற்றி வைத்து இரண்டு பக்கமும் சமமான பிறகுதான் பெரியவர் கழற்ற விட்டார்.

எஞ்சின் 2டி-ஜி. 1588 சி.சி., யமஹாவோடு சேர்ந்து உருவாக்கியது, தலையில் வால்வுகளைத் திறந்து மூடும் இரட்டை கேம் ஷாஃப்ட். அடிக்கட்டை வார்ப்பிரும்பு என்பதால் அசைக்க முடியாத உறுதி. ரிங், பேரிங், செயின், கேஸ்கெட் மாற்றியதோடு முடிந்தது. நேரம் எடுத்தது இரட்டை சோலெக்ஸ் கார்புரேட்டர்தான். நான்கு வாய்களும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். காற்றை அளக்கும் மீட்டரை ஒவ்வொரு வாயிலும் வைத்து ஸ்குரூவைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று திருப்பி, ஐட்லிங் சீராகும் வரை நின்றோம். அந்தச் சத்தத்துக்காகவே இந்த எஞ்சினை வாங்கலாம்.

கடைசிக் கட்டம் ‘ஷாகென்’, ஜப்பானின் கட்டாய வாகனச் சோதனை. பதிவு தற்காலிகமாக ரத்தாகியிருந்ததால் வண்டியை அப்படியே சாலையில் இறக்க முடியாது. கட்டாயக் காப்பீடு போட்டு, நகராட்சியில் குறுக்கே சிவப்புக் கோடு போட்ட தற்காலிக எண் பலகை வாங்க வேண்டும். அதிகபட்சம் 5 நாள்தான் செல்லும். சோதனையில் சக்கரம் பக்கவாட்டில் நழுவுகிறதா, பிரேக், ஸ்பீடோமீட்டர், ஹெட்லைட், புகை என்று வரிசையாகப் போகும். ஒருவர் பள்ளத்தில் நின்று சுத்தியலால் போல்ட்டுகளைத் தட்டிப் பார்ப்பார். இவ்வளவு பழைய காருக்குப் புகையில் கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1200 பி.பி.எம். வரை அனுமதி. கார்புரேட்டர் சரியாக நின்றால் தாராளமாகத் தாண்டலாம், எங்கள் வண்டி தாண்டியது.

வாங்க நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். பெட்ரோல் கார் 13 வருடம் தாண்டினால் ஆண்டு வரி ஏறக்குறைய 15 சதவீதம் கூடும், அதைக் கணக்கில் வையுங்கள். பார்க்கப் போகும்போது கையில் காந்தம் ஒன்று கொண்டுபோங்கள், எஞ்சினைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். எனக்கு இன்னும் பின்கண்ணாடி ரப்பர் பீடிங் நல்லதாகக் கிடைக்கவில்லை. இருப்பது வெடித்திருக்கிறது, மழை பெய்தால் டிக்கிக்குள் நீர் இறங்குகிறது. புதிதாகத் தட்டிப் போட்ட ஸ்டெப்னிக் குழி மறுபடி துருப்பிடிப்பதற்குள் அதைத் தேடிப் பிடித்தாக வேண்டும். யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.