கீபோர்டு கழன்று வரணும்

என்னிடம் இருப்பது சாம்சங் டேப் எஸ்6 லைட். 10.4 அங்குலத் திரை, பேனா பெட்டியோடயே வந்தது, அந்தப் பேனாவுக்குச் சார்ஜும் போட வேண்டாம். வகுப்பில் வேகமாகக் குறிப்பெடுக்க ஒரு கீபோர்டும் இருந்தால் நல்லதென்று, கீபோர்டு ஒட்டியே வரும் கவர் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். மேசையில் வைத்து அடிக்க அருமையாகத்தான் இருந்தது.

திருநெல்வேலி பக்கத்துக் கிருஷ்ணாபுரம் கோயிலுக்குச் சிலைகளை வரையப் போன அன்றுதான் அந்தக் கவர் என் காலை வாரிவிட்டது. போட்டோ எடுத்து வந்து வீட்டில் வரையலாமே என்பார்கள். நகக்கண் வரை கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள், எதிரில் உட்கார்ந்து பார்த்தால்தான் கை வரும். மண்டபத் தரையில் சம்மணம் போட்டு, கீபோர்டைப் பின்னால் மடித்து மடியில் வைத்துக்கொண்டு நாகாஸ்திரம் பிடித்த கர்ணனை ஆரம்பித்தேன், தொடையில் பட்டன்கள் உறுத்துகின்றன, டேப் மட்டும் என்றால் 465 கிராம்தான், இது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கனம், அரை மணி நேரத்தில் இடது கை மரத்துப்போனது. நிறுத்தி வைத்து வரைந்தால் பேனாவைக் கொஞ்சம் அழுத்தியதுமே திரை பின்னால் சாய்கிறது. போதாததற்கு, டேப்பின் ஓரத்தில் காந்தத்தில் ஒட்டும் பேனாவை ஒட்டவிடாமல் கவரின் விளிம்பு தடுத்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் இரண்டு தடவை சீட்டுக்கடியில் குனிந்து தேடினேன்.

அடுத்த முறை ஆன்லைன் பக்கமே போகவில்லை. டேப்பையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு நேரே வண்ணார்பேட்டைக் கடைக்குப் போய், "அண்ணாச்சி, மாட்டி வரைஞ்சு பாத்துட்டுத்தான் வாங்குவேன்" என்றேன். "அதுக்கென்ன, நல்லாப் பாருங்க" என்று நாலைந்தை எடுத்துப் போட்டார். ஒவ்வொன்றிலும் தாழ்ந்த சாய்வில் வைத்து, உள்ளங்கையை ஊன்றி அழுத்திக் கோடு போட்டேன். இரண்டு அப்போதே சரிந்தன. ஒன்றில் விளிம்பு மேடாக இருந்து மணிக்கட்டை இடித்தது. கடைசியில் எடுத்ததில் கீபோர்டு காந்தத்தில் ஒட்டியிருக்கும், இழுத்தால் தனியாக வந்துவிடும், பேனாவுக்கும் தனி இடம் உண்டு.

குறை இல்லாமல் இல்லை. எஸ்6 லைட்டில் கீபோர்டு பொருத்தும் முனை கிடையாது, அதனால் புளூடூத்தான், கீபோர்டுக்குத் தனியாகச் சார்ஜ் போடணும். மடியில் வைத்து அடிக்கவும் நிற்காது, தளதளவென்று ஆடும். தட்டச்சுதான் முக்கியம் என்பவர்கள் பழைய மாதிரிக் கவரையே வாங்கலாம். எனக்குத் தமிழில் குறிப்பெடுக்கப் பேனாவே வேகமாக வருகிறது என்பது அப்புறம்தான் தெரிந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை கர்ணன் கையிலிருக்கும் நாகத்தை முடித்தேன். கீபோர்டு வீட்டில் சார்ஜில் கிடந்தது.