கூலண்ட் குறைகிறது, ஆனால் தரையில் ஒரு சொட்டு இல்லை: கசிவைக் கண்டுபிடித்த கதை

என் காரின் கூலண்ட் டேங்கில் மேக்ஸ் கோடு வரை கூலண்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) ஊற்றுவேன், சில வாரம் கழித்துப் பார்த்தால் மினிமம் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கும். கார் நிற்கும் இடத்தில் ஈரமே இல்லை. மெக்கானிக்கிடம் காட்டினேன். அடியில் விளக்கடித்துப் பார்த்தவர், கூலண்டை என்ஜினுக்குள் சுற்ற வைக்கும் வாட்டர் பம்ப் பக்கம் இளஞ்சிவப்பாகக் காய்ந்து படிந்திருந்ததைக் காட்டி "பம்ப் போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்றார். டெஸ்ட் எதுவும் செய்யவில்லை. பம்பை மாற்றுவது என்றால் பெல்ட்டில் தொடங்கிப் பாதி என்ஜினைக் கழற்றும் வேலை, அதனால் நானே ஒரு முறை பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

கூலண்ட் ஓடுவது மூடிய அமைப்பில். எங்கும் போகாமல் அது தொடர்ந்து குறையாது. ஒன்று வெளியே கசிய வேண்டும், அல்லது கேபினுக்குள் ஹீட்டர் கோரில் (ஹீட்டர் காற்றைச் சூடாக்கும் குட்டி ரேடியேட்டர்) கசிய வேண்டும், இல்லையென்றால் என்ஜின் பிளாக்குக்கும் அதன் ஹெட்டுக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கட் வழியாக சிலிண்டருக்குள் போய் எரிய வேண்டும். கடைசிதான் பெரிய செலவு, அதனால் முதலில் அதைப் பார்த்தேன். ஆயில் மூடியின் உள்பக்கம் பால் கலந்த மாதிரி இல்லை, என்ஜின் சூடான பிறகு சைலன்சரில் வெள்ளைப் புகை இல்லை, டேங்கில் குமிழி வரவில்லை. இவை நூறு சதவீத நிரூபணம் ஆகாது, ஆனால் பெரும் பயம் போனது. கேபினில் கால்மிதி காய்ந்திருந்தது, இனிப்பு வாசனையோ கண்ணாடியில் பிசுபிசுப்பான படலமோ இல்லை. ஆக, வெளிக்கசிவுதான்.

அப்படியென்றால் ஏன் சொட்டவில்லை? ஓடும்போது உள்ளே அழுத்தம் ஏறும், அப்போதுதான் மெல்லிய விரிசல் வழியே கசியும், கசிந்ததும் சூடான இரும்பில் பட்டு ஆவியாகிவிடும், மிஞ்சுவது அந்த வண்ணப் படிவு மட்டும். இதனால்தான் ஆறிய என்ஜினில் பிரஷர் டெஸ்டர் போடுவது எனக்கு மிகச் சரியான வழியாகத் தோன்றுகிறது. கைப்பம்பும் மீட்டரும் கொண்ட சின்னக் கருவிதான் அது. டேங்க் மூடியைக் கழற்றிவிட்டு அதை மாட்டி, மூடியில் அச்சிட்டிருக்கும் அழுத்தம் வரை அடிக்க வேண்டும், அதற்கு மேல் கூடாது. என் மூடியில் 1.1 பார். (சூடாக இருக்கும்போது மூடியைத் தொடவே தொடாதீர்கள். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும், மூடி திறந்த நொடியில் எல்லாம் கொதித்து முகத்தில் அடிக்கும்.)

அடித்துவிட்டுக் காத்திருந்தேன். முள் மெதுவாக இறங்கியது. வாட்டர் பம்பில் வீப் ஹோல் என்று ஒரு சிறு துளை உண்டு, உள்ளே இருக்கும் சீல் கெட்டால் கூலண்ட் அந்தத் துளை வழியாகத்தான் வரும். சின்னக் கண்ணாடியை நீட்டிப் பார்த்தேன், சுத்தமாகக் காய்ந்திருந்தது, படிவும் இல்லை. அப்போ பம்ப் பக்கம் காய்ந்திருந்த கூலண்ட் மேலே எங்கிருந்தோ இறங்கியது. விளக்கை மேலே கொண்டுபோனேன். தெர்மோஸ்டாட் ஹவுசிங், அதாவது சூட்டுக்கு ஏற்பக் கூலண்டைத் திறந்துவிடும் வால்வின் கூடு, பிளாஸ்டிக். ஹோஸ் சேரும் கழுத்தில் தலைமுடி போல ஒரு விரிசல், அதில் ஒரு துளி மெல்லத் திரண்டு, பிளாக் ஓரமாக இறங்கி, நேராகப் பம்ப் மேல் போய் நின்றது. வருடக்கணக்கில் சூடாகி ஆறி சூடாகி ஆறி அந்தப் பிளாஸ்டிக் மொறுமொறுத்துப் போயிருந்தது.

கசிவை அடைக்கும் திரவம் ஒன்றை ஊற்றச் சொல்லி ஒரு நண்பர் வற்புறுத்தினார். நான் ஊற்றவில்லை, அது ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்து அடைக்கக்கூடும்.

ஹவுசிங்கை மாற்றுவது கடினமாக இல்லை. ரேடியேட்டர் அடியில் இருக்கும் பிளக்கைத் திறந்து கூலண்டை வடித்தேன், ஹோஸைக் கழற்றி போல்ட்டுகளை எடுத்தேன். ஹவுசிங் உட்காரும் அலுமினிய முகத்தைச் சுரண்டும்போது மட்டும் பிளாஸ்டிக் சுரண்டியே பயன்படுத்துங்கள், ஒரு கீறல் விழுந்தாலும் புது ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) பிடிக்காது. ஓ-ரிங்கில் கொஞ்சம் கூலண்ட் தடவி உட்கார வைத்தேன், சீலண்ட் போடவில்லை, தேவையும் இல்லை. போல்ட்டுகளை, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் சர்வீஸ் மேனுவல் சொன்ன 10 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினேன். பலம் காட்டினால் பிளாஸ்டிக் உடையும், அல்லது அலுமினிய மரை போய்விடும்.

நிரப்புவதில்தான் பொறுமை வேண்டும். கார் கம்பெனி சொன்ன வகைக் கூலண்டும் டிஸ்டில்ட் வாட்டரும் பாதிக்குப் பாதி. நிறத்தைப் பார்த்து வகையைத் தீர்மானிக்காதீர்கள், ஒரே நிறத்தில் வெவ்வேறு ரசாயனங்கள் வருகின்றன. உள்ளே மாட்டிய காற்றை வெளியேற்றும் ப்ளீட் ஸ்க்ரூவைத் திறந்து வைத்து, குமிழி இல்லாமல் கூலண்ட் வரும் வரை மெதுவாக ஊற்றி மூடினேன். மறுபடி டெஸ்டரை மாட்டி 1.1 பார் அடித்தேன், இந்த முறை முள் அசையவில்லை. அப்புறம் ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஃபேன் சுற்றி நிற்கும் வரை என்ஜினை ஓட விட்டேன். ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தாலோ சூட்டு முள் ஏறி இறங்கினாலோ உள்ளே காற்று மாட்டியிருக்கிறது என்று அர்த்தம். முழுக்க ஆறிய பிறகு டேங்கில் கொஞ்சம் இறங்கியிருந்தது, மீதிக் காற்று வெளியேறியதுதான், அதை நிரப்பிவிட்டேன்.

வடித்த பழைய கூலண்டை மூடி போட்ட கேனில் அடைத்து, பழைய ஆயில் வாங்கும் இடத்தில் கூலண்டும் எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுக் கொடுத்தேன். சாக்கடையில் ஊற்றாதீர்கள், திறந்தும் வைக்காதீர்கள். கூலண்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், நாயும் பூனையும் நக்கும், கொஞ்சம் உள்ளே போனாலே சிறுநீரகம் பழுதாகிச் செத்துவிடும். கீழே சிந்தியதையும் அன்றே தண்ணீர் விட்டுத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டேன்.