லைப்ரரி நெட்டுக்கு எவ்வளவு பூட்டு?

பொது லைப்ரரில பசங்களுக்கு நெட்டுன்னாலே உடனே ஃபில்டர் போடுங்கன்னு ஒரு கூட்டம் கிளம்பிடும். அமெரிக்கால 2000ல சிபான்னு (CIPA, பசங்களோட இன்டர்நெட் பாதுகாப்புக்கான சட்டம்) ஒரு சட்டமே வந்துச்சு, இன்டர்நெட்டுக்கு மத்திய அரசோட சலுகை வேணும்னா ஆபாசப் படங்களைத் தடுக்கற ஃபில்டர் வெச்சே ஆகணும், 2003ல சுப்ரீம் கோர்ட்டும் அது செல்லும்னு சொல்லிடுச்சு. ஆனா சட்டம் சொல்றது படங்களைத்தான், எழுத்தை இல்ல, இதை நிறைய பேர் கவனிக்கறதே இல்ல.

நிஜத்துல என்ன ஆகுதுன்னா, வார்த்தைய வெச்சு தடுக்கற ஃபில்டர்ல ஒரு பொண்ணு ப்ராஜெக்ட்டுக்கு மார்பகப் புற்றுநோய்னு தேடினா ஸ்கிரீன் முழுக்க “தடுக்கப்பட்டது”ன்னு பெருசா வந்து நிக்கும், பின்னாடி காத்திட்டிருக்கறவங்க எல்லாம் எட்டிப் பாப்பாங்க, இதுல அவ எழுந்து போய் கவுன்டர்ல திறந்து விடுங்கன்னு கேப்பாளா சொல்லுங்க? பேர் சொல்லாம ஸ்கிரீன்லயே ரிக்வெஸ்ட் அனுப்பற மாதிரி ஒரு பட்டன் வெச்சா போதும், இதுக்கு பெரிய டெக்னாலஜி எல்லாம் வேணாம்.

வயசு வாரியா லெவல் பிரிக்கறது, அப்பா அம்மா கையெழுத்து, நேரக் கட்டுப்பாடு எல்லாம் ஓகேதான். ஹிஸ்டரிய சேத்து வெச்சு வீட்டுக்கு போட்டுக் குடுக்கறது மட்டும் எனக்கு சுத்தமா புடிக்கல. இன்னொன்னு, கைல போன் இருக்கற பையனுக்கு இந்த ரூல் எதுவும் கிடையாது, வீட்டுல நெட் இல்லாத புள்ளைக்குத்தான் இவ்வளவும்.