தென்காசிப் பாண்டியரை வரைபடத்தில் ஏற்றுதல்: நாட்குறிப்பு

மார்ச் 3, 2024, ஞாயிறு

யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4 என்பது நாடு ஒன்றை எடுத்து ஆளும் வரலாற்றுக் கணினி ஆட்டம்; அதில் தென்காசிப் பாண்டியரை ஒரு நாடாகச் சேர்ப்பதே இங்கே வேலை. ஆட்டம் 1444 நவம்பர் 11 அன்று தொடங்குகிறது. வார்னா போருக்கு மறுநாள். ஐரோப்பாவை மனத்தில் வைத்துக் குறித்த நாள்தான் என்றாலும் தெற்கே அது அருமையாக வந்து வாய்க்கிறது. விஜயநகரத்தில் இரண்டாம் தேவராயருக்கு இன்னும் ஒன்றரை ஆண்டு ஆட்சி பாக்கி. இலங்கையின் கோட்டை அரசில் ஆறாம் பராக்கிரமபாகு. அவர் அனுப்பிய சப்புமல் குமாரயன் யாழ்ப்பாணத்தைப் பிடிக்கப் போவது 1450-இல். தாமிரபரணிப் பக்கம், 1422-இல் முடிசூடிய அரிகேசரி பராக்கிரம பாண்டியன் தென்காசியில் இருந்து ஆள்கிறான். 1446-இல் அங்கே காசி விசுவநாதர் கோயிலைக் கட்டத் தொடங்கப் போகிறான்.

2015-இல் வந்த எல் டொராடோ விரிவாக்கத்தோடு, சொந்த நாடு உருவாக்கும் வசதி ஆட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டது. புள்ளிகளைச் செலவழித்து மாகாணம், கொடி, மன்னன், தேசியக் கருத்துகள் (நாட்டுக்கெனக் கிடைக்கும் தனிப் பயன்கள்) எல்லாம் எடுத்துக்கொள்ளலாம். சும்மா ஒரு ஆட்டம் ஆட அது போதும். மன்னர் பெயர் வரிசை, திறை கட்டும் உறவு, ஒவ்வொரு கருத்துக்கும் நம் கையால் எழுதிய விளக்கம் ஆகியவை வேண்டுமென்றால் மோட் கோப்புகளை, அதாவது ஆட்டத்தை மாற்றியமைக்க நாமே சேர்க்கும் கோப்புகளை, எழுதுவதே வழி. இந்தக் குறிப்புகள் அந்த வேலையைப் பற்றியவை.

மார்ச் 5, செவ்வாய்

முதலில், ஆட்டம் நாட்டை அடையாளம் காணும் மூன்றெழுத்துக் குறியீடு. இங்கே டி, கே, எஸ் (TKS). மூன்றும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். ஆட்டத்தின் குறியீட்டுப் பட்டியலில் ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடிப் பார்க்காமல் எதையும் எடுக்கக் கூடாது. பதிப்புக்குப் பதிப்பு புதிய நாடுகள் சேர்கின்றன. போன ஆண்டு காலியாக இருந்தது இந்த ஆண்டும் காலியாக இருக்கும் என்று நம்ப முடியாது.

சில குறியீடுகள் எப்போதும் ஆகாதவை. ஆண்ட், நாட் இரண்டும் ஆட்டத்தின் கட்டளை மொழியில் தர்க்கச் சொற்கள். கான், ஆக்ஸ், பிஆர்என், என்யூஎல் ஆகியவை விண்டோஸ் தனக்கென ஒதுக்கிக்கொண்ட பெயர்கள், அவற்றின் பெயரில் கோப்பே உருவாக்க முடியாது. சி (C) அல்லது டி (D) எழுத்துக்குப் பின் இரண்டு எண் வருபவை காலனி நாடுகளுக்கும், ஆட்டத்துக்குள் உருவாக்கும் நாடுகளுக்கும் போய்விடும்.

குறியீட்டுப் பட்டியலுக்கென மோட் கோப்புறையில் தனிக் கோப்பு ஒன்று வைத்து, அதில் ஒரே ஒரு வரி எழுத வேண்டும்: குறியீடு, சமக்குறி, மேற்கோளுக்குள் நாட்டுக் கோப்பின் பாதை. ஆட்டத்தின் மூலக் கோப்பைப் பிரதியெடுத்து அதன் அடியில் ஒட்டினால், அடுத்த பதிப்பு வந்ததும் புதிய நாடுகள் எல்லாம் காணாமல் போகும். ஏனென்றால் ஒரே பெயருள்ள கோப்பு இருந்தால் மோட் கோப்புதான் செல்லும்.

விவரக் கோப்பில் ஆதரிக்கும் பதிப்பை 1.36.* என்று எழுதலாம். கடைசி நட்சத்திரக் குறி சிறு திருத்தங்களை எல்லாம் தழுவிக்கொள்ளும்.

மார்ச் 6, புதன்

நாட்டுக் கோப்பு: வரைபட நிறம், படைகளின் தோற்றம், மன்னர் பெயர்கள், தளபதிப் பெயர்கள், கப்பல் பெயர்கள். நிறத்துக்கு மூன்று எண்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. பக்கத்து நாட்டு நிறத்தோடு கலந்துவிடாமல் இருப்பதே அதில் முக்கியம்.

மன்னர் பெயர்ப் பட்டியலுக்குத்தான் நேரம் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் ஓர் எடை உண்டு. எடை கூடினால் அந்தப் பெயர் அடிக்கடி வரும். எதிர்மறை எண் கொடுத்தால் அது பெண் பெயர். தென்காசிக் கிளையில் பராக்கிரம, குலசேகர, அழகன் பெருமாள், சீவல்லப, வரதுங்கராம, அதிவீரராம என்று பெயர்கள் கிடைக்கின்றன. பராக்கிரமனுக்கு 30, குலசேகரனுக்கு 20, மற்றவற்றுக்கு 10 போதும்.

மாறவர்மன், சடையவர்மன் இரண்டையும் இதில் சேர்க்கக் கூடாது. பாண்டியர் அவற்றை மாறி மாறிச் சூடிய பட்டப்பெயர்களாகத்தான் வைத்திருந்தார்கள். ஆட்டத்துக்கு மாறி மாறி வைக்கத் தெரியாது. எடையைப் பார்த்துக் குலுக்கிப் போடும். மூன்று மாறவர்மன்கள் அடுத்தடுத்து வந்தால் பாண்டிய மரபு தெரிந்தவர் கண்ணில் உடனே உறுத்தும்.

இன்னொன்று. இந்த ஆட்டத்தின் எழுத்துரு லத்தீன் எழுத்துகளுக்கானது. தமிழில் எழுதிய பெயர் திரையில் சிதைந்துதான் வரும். எல்லாப் பெயரையும் ரோமன் எழுத்தில்தான் கொடுக்க வேண்டும். நாட்டுக் கோப்பையும் வரலாற்றுக் கோப்புகளையும் ஆன்சி குறியாக்கத்தில், அதாவது விண்டோஸ் 1252-இல், சேமிக்க வேண்டும். மொழிக் கோப்புக்கு மட்டும் வேறு சட்டம், அது பின்னால்.

மார்ச் 9, சனி

வரலாற்றுக் கோப்புகள் இரண்டு வகை: நாட்டுக்கு ஒன்று, ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஒன்று.

நாட்டு வரலாற்றுக் கோப்பின் பெயர் நம் மூன்றெழுத்தில்தான் தொடங்க வேண்டும். உள்ளே மன்னராட்சி, நாட்டுத் தகுதி 1, இந்தியத் தொழில்நுட்பக் குழு, இந்து மதம், தமிழ்ப் பண்பாடு, தலைநகர் மாகாணத்தின் எண். பிறகு தேதியிட்ட மன்னர் பகுதி. தேதி 1422 என்று இருப்பதால் ஆட்டம் தொடங்கும்போது பராக்கிரமன் அரியணையில் இருப்பான். கோயிலோடு சேர்த்து நினைவில் நிற்கிறதே என்று 1446 போட்டுவிட்டால், தொடக்க நாளில் அவன் இருக்க மாட்டான். தொடக்கத் தேதிக்குப் பிந்தைய வரிகள் அன்றைக்கு நடப்புக்கு வராது.

மன்னன் திறன் மூன்று: நிர்வாகம், அயலுறவு, படை. ஒவ்வொன்றும் 0 முதல் 6 வரை. பராக்கிரமனுக்கு 5, 4, 2 என்பது எங்கள் கணக்கு. மெய்க்கீர்த்தியைப் பார்த்துப் படைக்கு 5 கொடுக்கும் ஆசை வரும். எல்லா மெய்க்கீர்த்தியிலும் எல்லா அரசனும் எல்லாரையும் வென்றுதான் இருக்கிறான். 40 ஆண்டு நிலைத்த ஆட்சியும் ஒரு பெருங்கோயிலும் நிர்வாகத்துக்குச் சாட்சி. பெரிய பேரரசின் நிழலில் மோதாமல் நின்றது அயலுறவுக்குச் சாட்சி.

மாகாணக் கோப்பில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ஆட்டத்தை டீபக் மோடில் (பிழைதேடும் நிலையில்) திறந்து, சுட்டியை மாகாணத்தின் மேல் வைத்தால் அதன் எண் தெரியும். அந்த எண்ணுள்ள மூலக் கோப்பை, பெயரில் ஒரு புள்ளிகூட மாற்றாமல், மோட் கோப்புறைக்குப் பிரதியெடுக்க வேண்டும். இடைவெளியோ கோடோ மாறிவிட்டால் அது வேறு கோப்பாகி, ஒரே மாகாணத்துக்கு இரண்டு வரலாறு ஏறிவிடும். மாற்ற வேண்டிய வரிகள் மூன்று: உடைமையாளர், கட்டுப்பாட்டாளர், மூல உரிமை. கட்டுப்பாட்டாளர் வரியை மறந்தால், தொடக்க நாளிலேயே நம் ஊரைப் பழைய நாடு ஆக்கிரமித்து நிற்பதாகப் பட்டைகள் தெரியும். மூல உரிமையை மறந்தால் சொந்த மண்ணையே புள்ளிகள் செலவழித்து உரிமையாக்க வேண்டிவரும்.

எத்தனை மாகாணம்? திருநெல்வேலிப் பக்கம் ஒன்று, அதை ஒட்டிய முத்துக் கரை தனி மாகாணமாக இருந்தால் அதுவும். அவ்வளவுதான். மதுரையைச் சேர்க்கவே கூடாது. மதுரை கைவிட்டுப் போனதால்தான் இந்தக் கிளை தெற்கே வந்தது. மதுரைக்கு மூல உரிமை மட்டும் கொடுக்கலாம். இழந்ததைத் திரும்பக் கேட்கும் உரிமை அது, ஆடுபவருக்கு முதல் இலக்காகவும் அமையும்.

மார்ச் 10, ஞாயிறு

விஜயநகர உறவு. அயலுறவு வரலாற்றுக் கோப்புறையில் ஒரு தனிக் கோப்பு: மேலாண்மை நாடு, சார்பு நாடு, தொடக்கத் தேதி, முடிவுத் தேதி. முடிவுத் தேதிக்கு 1821 போட்டுவிடலாம், ஆட்டமே அந்த ஆண்டில் முடிந்துவிடுகிறது. முதல், இரண்டாம் இடங்களை மாற்றிப் போட்டால் விஜயநகரம் தென்காசிக்கு அடிமையாகிவிடும், கவனம்.

திறை கட்டும் நாடாக வைப்பதா, முழுச் சார்பு நாடாக வைப்பதா என்பதில் யோசிக்க இடமிருக்கிறது. முழுச் சார்பு நாட்டை, பத்தாண்டு கழிந்து நல்லுறவும் இருந்தால், மேலாண்மை நாடு தன்னோடு இணைத்துக்கொள்ளத் தொடங்கலாம். கணினி ஆடும் விஜயநகரம் அதைத் தயங்காமல் செய்யும். திறை நாட்டை அப்படி இணைக்க முடியாது. திறை செலுத்திக்கொண்டே தனி மரபாக நீடித்த வரலாற்றுக்குத் திறை உறவே பொருத்தம்.

மார்ச் 14, வியாழன்

தேசியக் கருத்துகள். நாட்டுக்கு உயிர் வருவது இங்கேதான். மரபுகள் இரண்டு, கருத்துகள் ஏழு, இலட்சியம் ஒன்று. மொத்தம் பத்துப் பயன்கள். மரபுகள் முதல் நாளிலிருந்தே நடப்பில் இருக்கும். பொதுக் கருத்துக் குழுக்களில் மூன்று வாங்கும்போது தேசியக் கருத்து ஒன்று திறக்கும், ஆக ஏழும் திறக்க 21 வாங்க வேண்டும். அதற்குள் பதினாறாம் நூற்றாண்டு வந்துவிடும். அதனால் கடைசிக் கருத்துகள் 1444-க்குப் பிந்தைய வரலாற்றைப் பேசலாம், பேசவும் வேண்டும்.

எழுதிய வரிசை இது. மரபுகளாக வரி வருவாய் 10 விழுக்காடு, சொந்த மதச் சகிப்பு 1. பிறகு முத்துக்குளித்துறை, வணிக வலிமை 10 விழுக்காடு. செங்கோட்டைக் கணவாய், கோட்டைக் காவல் 15 விழுக்காடு. தாமிரபரணிக் கால்வாய்கள், வளர்ச்சிச் செலவு 5 விழுக்காடு குறைவு. தென்காசிக் கோயில், நிலைத்தன்மைச் செலவு 10 விழுக்காடு குறைவு. காயல் துறை, வணிகர் ஒருவர் கூடுதல். பேரரசின் நிழல், அயலுறவு நற்பெயர் 1. கவியரசர், ஆலோசகர் செலவு 10 விழுக்காடு குறைவு. இது பதினாறாம் நூற்றாண்டில் தானே புலவனாக விளங்கிய அதிவீரராம பாண்டியனுக்கானது. இலட்சியமாக நிலப்படை மனவுறுதி 10 விழுக்காடு.

பத்தில் படைக்கானவை இரண்டே. ஒன்று காவலுக்கு, ஒன்று கடைசியில். காயல் என்றதும் குதிரைப்படைக்கு ஏதாவது கொடுக்கத் தோன்றும். மார்க்கோ போலோவே அந்தத் துறையில் வந்திறங்கிய குதிரைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆனால் அவர் சொல்வதை முழுக்கப் படிக்க வேண்டும். ஆண்டுதோறும் கடல் கடந்து வாங்குகிறார்கள், பராமரிக்கத் தெரியாததால் அவை செத்துப்போகின்றன, மறுபடி வாங்குகிறார்கள். லாபம் துறைமுகத்துக்கும் வணிகருக்கும் போனது. ஆகவே பயன் வணிகர் பக்கம் போய்விட்டது. கொற்கை முத்தும் அப்படித்தான். ஆட்டத்தில் முத்து என்று தனிச் சரக்கு கிடையாது, இரத்தினம் என்ற பொதுச் சரக்குதான். மாகாணச் சரக்கை இரத்தினம் ஆக்கினால் வருவாய் வீங்கும். அதைவிட வணிக வலிமையாகக் கொடுப்பது நேர்மை.

கோயில் கருத்துக்கான விளக்கத்தை எழுதும்போது பராக்கிரமனின் கல்வெட்டுச் செய்யுளையே ஆதாரமாக எடுத்தோம். இந்தக் கோயிலில் பின்னாளில் ஏதாவது குறை நேர்ந்தால், அதைச் சரிசெய்து காப்பவர் யாராயினும் அவரை உலகறியப் பணிகிறேன் என்கிறான். தனக்குப் பின் வரப்போகும் முகம் தெரியாத ஒருவர் முன் ஓர் அரசன் தலை தாழ்த்துகிறான். நிலைத்தன்மை என்ற பயனுக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் கிடைக்காது. திரையில் மூன்று வரிதான் கொள்ளும், அந்த மூன்று வரியும் இதற்கே.

கோப்பு எழுதும்போது கவனிக்க வேண்டியவை: எண்கள் தசமத்தில். 10 விழுக்காடு என்றால் 0.1. தசமம் போடாமல் 10 என்று எழுதினால் ஆயிரம் விழுக்காடு. குழுவில் "ஃப்ரீ" என்ற வரிக்கு ஆம் என்று இருக்க வேண்டும், இல்லையேல் அது தேசியக் கருத்தாக எடுத்துக்கொள்ளப்படாது. எந்த நாட்டுக்குப் பொருந்தும் என்று சொல்லும் ட்ரிகர் பகுதியில் நம் குறியீடு வேண்டும். கோப்பின் பெயர் அகரவரிசையில் முன்னால் வருவது நல்லது. பண்பாட்டுக் குழுக்களுக்கான பொதுக் கருத்துகள் இசட் இசட் என்று தொடங்கும் கோப்பில் இருக்கின்றன. அதற்குப் பின்னால் நம் கோப்பு போனால் பொதுவானதே முந்திக்கொள்ளும்.

மார்ச் 17, ஞாயிறு

கொடி. 128-க்கு 128 படப்புள்ளி, டிஜிஏ வடிவம், 24 பிட், சுருக்கம் இல்லாமல். கிம்ப் என்ற படச் செயலியில் ஏற்றுமதி செய்யும்போது ஆர்எல்இ சுருக்கம் என்ற கட்டத்தில் குறி இருந்தால் எடுத்துவிட வேண்டும். ஒளிபுகு அடுக்கையும் நீக்க வேண்டும். கோப்பின் பெயர் மூன்றெழுத்து மட்டும்.

இரட்டைக் கயல், நடுவே செண்டு (நுனி வளைந்த கோல்). காசுகளில் பார்க்கும் அமைப்பு. பெரிதாக வரையும்போது செதில் செதிலாக அழகாக வரும். ஆனால் ஆட்டத்தில் இந்தக் கொடி பெரும்பாலும் விரல் நகத்தளவு கேடயமாகத்தான் தெரியும். அந்த அளவில் செதில்கள் சேறாகிவிடுகின்றன. செதிலை எல்லாம் எடுத்துவிட்டு, மீனின் புறக்கோட்டை 4 புள்ளித் தடிமனில் வைத்து, கண்ணுக்கு 6 புள்ளி அகலத்தில் ஒரே வட்டம் விட்டதும் மீன் மீனாகத் தெரிந்தது. கேடய வடிவம் மூலைகளை வெட்டும், ஆகவே வால்கள் விளிம்பிலிருந்து 14 புள்ளி உள்ளே.

கொடியை மாற்றியும் பழையதே தெரிந்தால் கோப்பில் பிழை தேட வேண்டாம். பயனர் ஆவணங்களில் ஆட்டம் சேமித்து வைக்கும் கொடித் தொகுப்புப் படங்களை அழித்துவிட்டுத் திறந்தால் புதியது வரும்.

மொழிக் கோப்பு: யூடிஎஃப்-8, பாம் குறியோடு (கோப்பின் தொடக்கத்தில் வரும் குறியாக்க அடையாளம்). பெயர் எல் இங்கிலீஷ் என்று முடிய வேண்டும், முதல் வரியும் அதுவே. நாட்டின் பெயருக்கு ஒரு வரி, அதன் பெயரடைக்கு ஒரு வரி, கருத்து ஒவ்வொன்றுக்கும் பெயரும் விளக்கமும். பாம் இல்லையென்றால் கோப்பு படிக்கப்படாது, வரைபடத்தில் தென்காசி என்ற பெயருக்குப் பதில் மூன்றெழுத்து நிற்கும்.

மார்ச் 23, சனி

சோதனை. முதலில் லாக்ஸ் கோப்புறையில் எர்ரர் லாக். நம் கோப்புப் பெயர் அதில் வந்தால் பெரும்பாலும் அடைப்புக்குறி மூடாததுதான் காரணம். பிழை காட்டும் வரிக்கு மேலே தேட வேண்டும், கீழே அல்ல.

பிறகு கட்டளைப் பெட்டியில் ஸ்பெக்டேட்டர் என்று ஆங்கிலத்தில் அடித்து, ஐந்தாம் வேகத்தில் 1500 வரை கணினியையே ஆட விட வேண்டும். ஒரே ஓட்டத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது, ஐந்தாறு முறையாவது ஓட்ட வேண்டும். எல்லா ஓட்டத்திலும் தென்காசி மதுரையைப் பிடித்து மேலே போய்க்கொண்டிருந்தால் கருத்துகள் கனம்; முதலில் மனவுறுதியைக் குறைக்க வேண்டும். எல்லா ஓட்டத்திலும் பத்தாண்டுக்குள் அழிந்தால் கருத்துகளைக் கூட்டுவதற்கு முன் திறை உறவு உண்மையிலேயே ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அயலுறவுக் கோப்பில் ஒரு குறியீடு தவறினாலும் அது சத்தமில்லாமல் விழுந்துவிடும், பாதுகாப்பில்லாத சிற்றரசை அக்கம்பக்கம் விட்டுவைக்காது.

சிவன், விஷ்ணு, சக்தி, கணேசர், கங்கை, சூரியன் என்று மன்னனின் இஷ்ட தெய்வத்தை ஆட்டத்துக்குள் ஆடுபவரே தேர்ந்தெடுப்பார். அதைக் கோப்பில் கட்டிப்போடாமல் விட்டிருக்கிறோம்.