சமதளம் இல்லாத ஊரில் ட்ரெயினிங்

குன்னூரிலோ கோத்தகிரியிலோ ஆர்க்கிடெக்ட் ஆபீஸுக்கு ட்ரெயினிங்குக்கு வந்து சேரும் ஆர்க்கிடெக்சர் மாணவர்கள் முதல் வாரத்தில் செய்யும் தவறு பெரும்பாலும் ஒன்றுதான். மனையைப் பார்த்துவிட்டு வந்ததும் பிளான் வரைய உட்காருவார்கள். கீழ்நாட்டில் அது சரி. மலையில் முதலில் வரைய வேண்டியது செக்ஷன், அதாவது மனையைக் குறுக்கே வெட்டிப் பக்கவாட்டில் பார்க்கும் படம். மூன்றுக்கு ஒன்று சரிவுள்ள மனையில் 9 மீட்டர் ஆழத்துக்கு வீடு வைத்தால் முன் சுவருக்கும் பின் சுவருக்கும் 3 மீட்டர் மட்ட வித்தியாசம். அதாவது ஒரு முழு மாடி. இது பிளானில் தெரியவே தெரியாது.

செக்ஷனுக்கு மட்டம் வேண்டும். ஆபீஸில் டோட்டல் ஸ்டேஷன் என்ற சர்வே கருவி இருந்தாலும் மாணவர் கையில் முதலில் வருவது டேப்பும், தண்ணீர் நிரப்பிய குழாயால் மட்டம் பார்க்கும் ட்யூப் லெவலும்தான். அதைக் குறைவாக எண்ண வேண்டாம். குன்னூர்ப் பக்கம் மத்தியானத்துக்கு மேல் மூடுபனி இறங்கினால் கருவியின் கண்ணாடி வழியே பத்தடிக்கு அப்பால் ஸ்டாஃப் (அளவுக்கோல்) தெரியாது. தண்ணீர்க் குழாய்க்கு அந்தக் கவலை இல்லை. 15 மீட்டர் நீள ஒளிபுகும் குழாய், உள்ளே ஒரு காற்றுக் குமிழிகூட இருக்கக் கூடாது, இரண்டு முனையிலும் கட்டைவிரலை எடுத்த பிறகே மட்டம் பார்க்க வேண்டும். ஒரு முனையில் விரல் அடைத்தபடி இருந்தால் காட்டும் மட்டம் பொய். ஆரம்பப் புள்ளியாக நகராத ஒன்றை, பக்கத்து வீட்டுப் படியையோ பாறையையோ எடுத்துக்கொண்டு அதற்கு 0 என்று பெயரிடாமல் 100.000 என்று வையுங்கள். சரிவில் கீழே போகப் போக மைனஸ் குறி சேர்ந்து எங்காவது ஒன்று விட்டுப்போவது இதனால் தவிரும்.

டேப் பிடிப்பதிலும் ஒரு பள்ளம் உண்டு. தரையோடு தரையாக டேப்பை விரித்து 10 மீட்டர் என்று எழுதினால், அதே மூன்றுக்கு ஒன்று சரிவில் உண்மையான கிடைமட்ட நீளம் 9.49 மீட்டர்தான். அரை மீட்டர் காணாமல் போகிறது. மனையின் எல்லைக் கல்லோடு பிளான் ஒட்டாததற்குப் பாதிக் காரணம் இதுவே. டேப்பைக் கிடையாகப் பிடித்து, தூக்குக்குண்டு விட்டு, இரண்டு மூன்று மீட்டராகப் படிப்படியாக இறங்கி அளக்க வேண்டும். நேரம் பிடிக்கும், இரண்டு பேர் வேண்டும். வேறு வழியில்லை. பேனா எடுத்துப் போகாதீர்கள், பனியில் மை கரையும். படம் வரையும் மெல்லிய பட்டர் பேப்பரும் ஈரத்தில் அலை அலையாக நெளியும், அதன்மேல் ஸ்கேல் வைத்து அளவு எடுப்பது வீண். சாதாரணத் தாள், பென்சில், கிளிப் போர்டு போதும். குடையை விட ரெயின்கோட் மேல், இரண்டு கையும் வேலைக்கு வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் கூடலூர்ப் பக்கம் போனால் அட்டைப்பூச்சிக்கு உப்பும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மட்டம் வந்ததும் அடுத்த சபலம், பாதி வெட்டி பாதி நிரப்பிச் சமதளம் ஆக்குவது. கணக்கில் அழகாக இருக்கும்: வெட்டிய மண் வெளியே போக வேண்டாம், நிரப்ப மண் வாங்க வேண்டாம். ஆனால் வீட்டின் ஒரு பாதி பல நூறு வருடம் அசையாத மண்ணிலும் மறு பாதி போன மாதம் கொட்டிய மண்ணிலும் நிற்கும். கொட்டிய மண் இரண்டு மழைக்காலத்தில் அமுங்கும். வெட்டும் நிரப்பும் சேரும் கோட்டுக்கு நேர் மேலே சுவரில் விரிசல் ஓடும். கட்டி இரண்டு மூன்று வருடமான வீடுகளில் சாய்வாக ஓடும் விரிசலைப் பார்த்தால் அந்தக் கோடு எங்கே இருந்தது என்று சொல்லிவிடலாம். தீர்வு, அஸ்திவாரத்தைப் படிப்படியாக வெட்டி எல்லா இடத்திலும் பழைய கெட்டி மண்ணில் உட்கார வைப்பது, தரையை அரை மாடி அரை மாடியாகப் பிரிப்பது. நீலகிரியில் கட்டட உயரம் 7 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்ற விதியும் ஜே.சி.பி. இறக்க மாவட்ட நிர்வாக அனுமதி வேண்டும் என்பதும் இந்தப் பக்கமே தள்ளுகின்றன. சரிவில் அந்த 7 மீட்டரை எந்த மட்டத்திலிருந்து எண்ணுவது என்பதை ஆபீஸில் முதல் நாளே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இனி ரீடெய்னிங் வால், சரிவு மண்ணைத் தாங்கி நிற்கும் சுவர். மலையில் ட்ரெயினிங் எடுக்கும் ஒருவர் வேறு எதையும் கற்காமல் இதை மட்டும் கற்றுக்கொண்டு போனாலும் லாபம்தான். சுவரைத் தள்ளுவது மண் என்று நினைக்கிறோம். 3 மீட்டர் உயரச் சுவருக்குப் பின்னால் வடிந்த மண் மட்டும் இருந்தால் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 2.7 டன் தள்ளும். அதே மண்ணில் தண்ணீர் தலைவரை நின்றால் தள்ளுவது 6 டன்னை நெருங்கும். தண்ணீர் மட்டுமே 4.5 டன். கல் கட்டுமானம் தாங்காமல் வயிறு தள்ளிச் சரிவது ஏன் நவம்பரில் அதிகம் என்பதற்கு விடை இந்தக் கணக்கில் இருக்கிறது. 2009 நவம்பரில் இந்த மாவட்டம் கண்ட மண்சரிவுகளை ஊரில் யாரும் மறக்கவில்லை. தென்மேற்குப் பருவமும் குறைந்ததல்ல: 2019 ஆகஸ்டில் இதே மாவட்டத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது.

எனவே சுவரின் தடிமனை விட அதன் ஓட்டைகளைக் கவனியுங்கள். 75 மி.மீ. பி.வி.சி. பைப், ஒன்றரை மீட்டர் இடைவெளியில், வரிசைக்கு வரிசை மாற்றி மாற்றி, வெளிப்பக்கம் சற்றுச் சாய்ந்து வர வேண்டும். பைப்பின் உள்வாயில் வலை. சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே குறைந்தது ஓரடி அகலத்துக்கு ஒன்றரை இஞ்ச் ஜல்லி. டிராயிங்கில் இதெல்லாம் இருக்கும். சைட்டில் நடப்பது வேறு: ஜல்லி தலைச்சுமையாக வர வேண்டும் என்பதால் தோண்டிய செம்மண்ணையே பின்னால் தள்ளிவிடுவார்கள், பைப் உள்பக்கம் சாய்ந்துவிடும், பூசும்போது வாயில் சிமெண்ட் அடைத்துக்கொள்ளும். சாரம் அவிழ்க்கும் முன் ஒரு கம்பியை எடுத்து ஒவ்வொரு பைப்பிலும் குத்திப் பார்ப்பது ட்ரெயினி செய்யக்கூடிய மிகப் பெரிய உபகாரம். அதற்கு டிகிரி தேவையில்லை. சுவருக்கு மேலே, சரிவின் தலையில், மழைநீரை மறித்துத் திருப்பும் வாய்க்கால் இருக்கிறதா என்றும் பாருங்கள். சுவரைக் காப்பாற்றுவதில் பாதி வேலை அதனுடையது.

தலைச்சுமை என்றதும் ஒரு கணக்கு. ரோட்டிலிருந்து அறுபது படி இறங்கிப் போகும் மனையில் 100 சதுர மீட்டர் ரூஃப் ஸ்லாப், 125 மி.மீ. தடிமன் என்றால் 12.5 கன மீட்டர் கான்கிரீட், 30 டன். எம்20 கலவைக்கு ஏறக்குறைய நூறு மூட்டை சிமெண்ட். ஒரு நடைக்கு 20 கிலோ என்று வைத்தாலும் ஆயிரத்து ஐநூறு நடை. கம்ப்யூட்டரில் ஸ்லாபை ஓர் இஞ்ச் தடிமனாக்க ஒரு கிளிக் போதும். அந்த ஓர் இஞ்ச் முந்நூறு நடை. ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் கேட்டால் போடத்தான் வேண்டும். நாமாக ஏற்றுவதற்கு முன் படியை ஒருமுறை ஏறி இறங்கிப் பார்க்கலாம்.

குளிரில் கான்கிரீட் மெதுவாகவே கெட்டியாகும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சொல்லும் கணக்கில் 4.5 மீட்டர் வரை ஸ்பான் (தாங்கலுக்குத் தாங்கல் தூரம்) உள்ள ஸ்லாபுக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள் முட்டு நிற்க வேண்டும். எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் அந்த நாள் கணக்கு சாதா ஓ.பி.சி. சிமெண்டுக்கும், வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே போகாத இடத்துக்கும் உரியது. சைட்டில் இறங்கியிருப்பது பி.பி.சி. என்ற கலப்பு சிமெண்ட்; ஊட்டியில் ஜனவரி இரவில் புல்மேல் உறைபனி. இரண்டு நிபந்தனையும் இல்லை. கீழேயிருந்து வரும் மேஸ்திரிக்குச் சென்ட்ரிங் பலகை அடுத்த சைட்டுக்கு வேண்டும், ஏழாம் நாள் பிரிக்கக் கேட்பார். அவரோடு வாதாடாமல் ஆபீஸுக்கு போன் போடுங்கள். எஞ்சினியர் சொல்லாமல் முட்டு இறங்கக் கூடாது. வலிமை சோதிக்க வார்க்கும் கான்கிரீட் கட்டிகளான டெஸ்ட் க்யூபில் சிலவற்றை ஸ்லாப் பக்கத்திலேயே அதே குளிரில் வைத்தால் உண்மை நிலவரம் தெரியும். இன்னொரு வாதமும் காதில் விழும்: பனிதான் ஈரமாக இருக்கிறதே, தண்ணீர் எதற்கு? ஜனவரிப் பகலில் காற்றும் வெயிலும் ஸ்லாபை உலர்த்திவிடும். பி.பி.சி.க்குக் குறைந்தது 10 நாள் கியூரிங், அதாவது ஈரம் காயாமல் தண்ணீர் விடுவது.

பேச்சு மொழியும் வேலையில் ஒரு பகுதி. டிராயிங் மில்லிமீட்டரில் இருக்கும். சைட் இஞ்ச்சிலும் நூலிலும் ஓடும். ஒரு நூல் என்றால் அரைக்கால் இஞ்ச், 3 மி.மீ. சொச்சம். 230 சுவர் என்றால் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், ஒன்பது இஞ்ச் சுவர் என்றால் புரியும். 12 மி.மீ. கம்பி நாலு நூல் கம்பி, 10 மி.மீ. மூணு நூல். "அண்ணா, இங்க ரெண்டு நூல் ஏறியிருக்கு" என்று சொல்லத் தெரிந்தால் மேஸ்திரி ரசமட்டத்தை எடுத்து வைத்துப் பார்ப்பார். "சிக்ஸ் எம்.எம். டீவியேஷன்" என்றால் சிரிப்பார்.

கீழ்நாட்டு ஆபீஸ் டீட்டெய்லை அப்படியே ஒட்டுவதும் இங்கே அடிக்கடி நடக்கும். இரண்டடி சன்ஷேடு அதற்கு நல்ல உதாரணம். ஊட்டி ஏறக்குறைய 11.4 டிகிரி வடக்கு. டிசம்பர் நடுப்பகலில் சூரியன் தெற்கே 55 டிகிரி உயரத்தில் நிற்கும். தெற்கு ஜன்னலுக்கு மேல் 60 செ.மீ. நீட்டினால் அதன் நிழல் கண்ணாடியில் 85 செ.மீ. இறங்கும். வருடத்தில் வெயில் மிகவும் தேவைப்படும் மாதத்தில் நாமே ஜன்னலின் பெரும்பகுதியை மூடிவிடுகிறோம். மழைக்கு நீட்டல் வேண்டும், உண்மைதான். ஜன்னல் தலையை ஒட்டி வைக்காமல் சற்று மேலே ஏற்றி வைக்கலாம், கூரையின் இறவாரத்தையே நீட்டலாம். தோடர் குடிசையின் வளைந்த கூரை தரைவரை இறங்குவதும் வாசல் குனிந்து நுழையும் அளவில் இருப்பதும் இதே மழையையும் காற்றையும் பார்த்துத்தான்.

பழைய பங்களா அளக்கும் வேலை கிடைத்தால் விடாதீர்கள். அன்றைய கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1822-ல் கட்டத் தொடங்கிய ஸ்டோன்ஹவுஸும், லவ்டேலில் ஆர்க்கிடெக்ட் ராபர்ட் சிஷோம் வடிவமைத்த கட்டடங்களும் இந்த மாவட்டத்தில்தான் நிற்கின்றன. பழைய அறை எதுவும் மூலைமட்டத்துக்கு இருக்காது. நான்கு சுவரோடு இரண்டு மூலைவிட்டமும் அளக்காவிட்டால் வரையும்போது அறை மூடாது. பழைய சுண்ணாம்புச் சுவரில் ஈரம் பூத்தால் சிமெண்ட் பூசிவிடலாம் என்று சொல்வார்கள். சுண்ணாம்பு வழியே வெளியேறிக்கொண்டிருந்த ஈரம் சிமெண்டுக்குப் பின்னால் தேங்கி, சில மழையில் பூச்சையே பிளந்து தள்ளும்.

ட்ரெயினிங் வேலையைக் குறிக்கும் லாக் புக்கில் தினமும் ஐந்து வரி, ஆர்க்கிடெக்ட் கையெழுத்து மாதாமாதம். கடைசி வாரத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்றால் அவர் தொலைவில் மஞ்சூர் சைட்டில் இருப்பார். கம்பி கட்டி முடித்ததும் கான்கிரீட் போடும் முன் போட்டோ, பக்கத்தில் டேப் விரித்து.

பெருமழை விட்டதும் ஒருமுறை சைட்டுக்குப் போங்கள். செக்ஷன் தாளில் தண்ணீர் வந்த வழியை நீலப் பென்சிலால் வரையுங்கள்: மேல் வாய்க்காலில் திரும்பியதா, எந்த பைப்பில் வடிந்தது, எது காய்ந்தே கிடந்தது. காய்ந்த பைப்பின் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். அந்த நீலக்கோடு கடைசியில் கீழ்வீட்டுக்காரரின் பின்சுவரில் போய் நிற்கிறதா என்றும் எட்டிப் பாருங்கள்.