ஞாயிற்றுக்கிழமை பார்த்த வீடு

மாற்றல் உத்தரவு கைக்கு வந்தபோது 40 நாள் அவகாசம் இருந்தது. அதற்குள் வீடு, பள்ளிக்கூடம், அம்மாவின் முட்டிவலிக்கு ஒரு பிசியோதெரபி எல்லாம் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். வீட்டுக்கு மட்டுமே 52 நாள் ஆனது. கடைசி 12 நாளும் சாமான்களைத் தெரிந்தவர் ஒருவரின் கொட்டகையில் போட்டுவிட்டு, ஐந்து பேரும் விடுதியில் ஒரே அறையில் கிடந்தோம்.

பட்ஜெட் போடுவது, இணையத்தில் தேடுவது, புரோக்கரைப் பிடிப்பது எல்லாம் எல்லோரும் செய்வதுதான். நான் எங்கே கோட்டைவிட்டேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

வாடகை சம்பளத்தில் 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பார்கள். நகரத்தின் ஓரத்தில் 22 சதவீதத்திலேயே ஒரு தரைத்தள வீடு கிடைத்தது. ஞாயிறு மதியம் போய்ப் பார்த்தோம். ரோடு காலி. என் அலுவலக வாசலிலிருந்து காரில் இருபதே நிமிஷம். அம்மாவுக்குக்கூடப் பிடித்துவிட்டது, அவருக்கு ஒரு வீடு பிடிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. "இன்னும் ரெண்டு பார்ட்டி கேட்டுட்டு இருக்காங்க மேடம்" என்றார் புரோக்கர். நின்ற இடத்திலேயே டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தேன். ரசீது வாங்கவில்லை. இதை எழுதும்போதே கூசுகிறது.

அடுத்த செவ்வாய் அலுவலகத்தில் தலைகாட்ட வேண்டியிருந்தது. சரி, தினமும் வரப்போகிற வழிதானே என்று காலை 7:30-க்கு அந்த ஏரியா பஸ் ஸ்டாப்பில் போய் நின்றேன். முதல் பஸ்ஸில் படிக்கட்டு வரை ஆள். இரண்டாவது நிற்கவே இல்லை. பக்கத்தில் நின்ற பெண் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "புதுசா அக்கா? இங்க நின்னா ஏற முடியாது. ரெண்டு ஸ்டாப் பின்னாடி நடந்து போய் ஏறுங்க" என்றாள். "நீங்க நிக்கிறீங்களே?" என்றேன். "எனக்குப் பத்து மணிக்குப் போனா போதும்."

நடந்துபோய்த்தான் ஏறினேன். அலுவலக வாசலில் இறங்கும்போது மணி 8:55. நான் நம்பியிருந்ததைவிட ஒரு வழிக்கு 65 நிமிஷம் கூடுதல். மாதம் 22 வேலை நாள் என்றால் கிட்டத்தட்ட 48 மணி நேரம். மாதாமாதம் இரண்டு முழு நாள் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு!

அன்று மத்தியானமே காகிதத்தை எடுத்தேன். என் பஸ் பாஸ், பிள்ளைகள் இரண்டு பேருக்கும் பள்ளி வேன், வாரம் இரண்டு தடவை அம்மாவை பிசியோவுக்குக் கூட்டிப்போக வாடகை வண்டி. சம்பளத்தில் 22 சதவீதம் என்று நினைத்தது 43-இல் போய் நின்றது. வீடும் போக்குவரத்தும் சேர்த்து 45 சதவீதத்துக்குள் இருந்தால் தாங்கும் என்று ஒரு கணக்கு உண்டு. அதன்படி பார்த்தால் பாஸ்தான். ஆனால் மலிவு என்று நம்பித்தானே ஊர் எல்லை வரைக்கும் போனேன்?

சாயங்காலம் வீட்டை மறுபடி போய்ப் பார்த்தேன். சுவரில் முழங்கால் உயரம் வரை மட்டும் பெயின்ட் புதுசு. பிளக் பாயின்ட் அத்தனையும் இடுப்புக்கு மேலே ஏறியிருந்தன. கீழே பழைய ஓட்டைகளைச் சிமென்ட் வைத்து அடைத்திருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி வாசலில் உட்கார்ந்திருந்தார். "இங்க தண்ணி நல்லா வருமா பாட்டி?" என்று கேட்டேன்.

"வருமே. குழாய்லதான் வராது. மழை பெய்ஞ்சா வாசல் வழியா வரும்."

டோக்கனைத் திருப்பிக் கேட்டால், பணம் ஓனரிடம் இருக்கிறது என்றார் புரோக்கர். புரோக்கர் தன்னிடம் எதுவும் தரவில்லை என்றார் ஓனர்.

அதற்குப் பிறகு தேடும் விதத்தையே மாற்றினோம். முதலில் வீட்டைப் பார்ப்பதில்லை. பிள்ளைகள் நடந்துபோகிற தூரத்தில் பள்ளிக்கூடம், எனக்கு ஒரே பஸ் என்று இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு ஏரியாவைச் சுருக்கினோம். மூன்று தேறின. மூன்றுக்கும் வேலை நாள் காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை போனேன். ஒன்றில் ஒரே தெருவில் ஏழு 'டூ லெட்' போர்டு. ராத்திரி போனபோதுதான் காரணம் தெரிந்தது: காற்று திரும்பினால் குப்பைக் கிடங்கு நாற்றம். இன்னொன்றில் என் கணவர் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு எனக்கு போன் போட்டுப் பார்த்தார். அவர் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர். சிக்னல் குளியலறையில் மட்டும்தான் கிடைத்தது.

மூன்றாவது பழைய குடியிருப்பு. அங்கே துப்புக் கொடுத்தவர் மருந்துக்கடைக்காரர். ராத்திரி ஒன்பதரைக்கு ஒரு தைலம் வாங்கிக்கொண்டே விசாரித்தேன். எந்தத் தெருவில் சாக்கடை பொங்கும், எந்த வீட்டில் மின் மீட்டர் தனியாக இல்லாமல் மாதாமாதம் சண்டை நடக்கிறது என்று விரல்விட்டுச் சொன்னார். புரோக்கருக்கு விற்க வேண்டிய கட்டாயம் உண்டு, இவருக்கு இல்லை. அவர் கைகாட்டிய தெருவில்தான் இப்போது இருக்கிறோம். ஓர் அறை குறைவு, சமையலறை இருட்டு. ஆனால் ரோட்டைவிட மூன்று படி உயரம். சம்பளத்தில் வாடகை 31 சதவீதம், போக்குவரத்து 4.

வீடு முடிந்ததும் பள்ளி அலுவலகம். முகவரிச் சான்று இல்லாமல் சேர்க்கைப் படிவமே கிடையாது என்று முதல் நாள் திருப்பி அனுப்பினார் கிளார்க். மறுநாள் வாடகை ஒப்பந்தத்தோடு போனேன். தலையைத் தூக்காமலே, "ஒப்பந்தம் அப்பா பேர்ல இருக்கு, கையெழுத்துப் போடுறது நீங்களா? அவரைக் கூட்டிட்டு வாங்க" என்றார். மூன்றாம் நாள் நானும் கணவரும் லீவு போட்டுவிட்டுப் போனோம், கிளார்க் லீவு. பக்கத்து மேஜை அம்மா காகிதத்தைப் புரட்டிவிட்டு, "ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருக்கோம்னு நாலு வரி எழுதி கையெழுத்துப் போட்டுக் குடுங்க, போதும்" என்றார். ஐந்து நிமிஷத்தில் இரண்டு பிள்ளைகளுக்கும் படிவம் கையில். ஒப்பந்தம் போடும்போதே இருவர் பெயரையும் சேர்த்துவிடுங்கள், இந்த அலைச்சல் மிச்சம்.

மகளும் மகனும் நடந்தே போய்வருகிறார்கள், 11 நிமிஷம். டோக்கன் விஷயமாக நேற்றும் புரோக்கருக்கு போன் போட்டேன். "ஓனர் ஊர்ல இல்ல மேடம், திங்கக்கிழமை பேசிடுறேன்" என்றார். இது ஐந்தாவது திங்கட்கிழமை.