சரக்குக்குத் தனிப்பாதை போட்டால் மட்டும் போதாது

பயணிகள் ரயிலுக்கு வழிவிட்டு லூப் லைனில் (நிலையத்தின் பக்கத்துத் தண்டவாளத்தில்) மணிக்கணக்கில் நிற்பதுதான் நம் சரக்கு ரயில்களின் பெரிய நோய். அதற்குத்தான் பெரும்பாலும் உலக வங்கிக் கடனில் கிழக்கே லூதியானா–சோன்நகர் (பீகார்) 1,337 கி.மீ., ஜப்பான் கடனில் மேற்கே தாத்ரி (டெல்லி அருகே)–நவி மும்பை துறைமுகம் 1,506 கி.மீ. எனத் தனிப்பாதைகள்.

மேற்குப் பாதையில் மின்கம்பி சுமார் 7.5 மீட்டர் உயரத்தில் ஓடுகிறது. அதனால் கன்டெய்னர் மேல் கன்டெய்னர் ஏற்றலாம். சக்கர அச்சு ஒன்றுக்கு 25 டன் எடை, ரயில் நீளம் 1.5 கி.மீ. வரை. பாலங்களோ அச்சுக்கு 32.5 டன் தாங்கும்படி கட்டப்பட்டவை. எதிர்காலத்தை யோசித்த வேலை, மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் கடைசிவரை இழுத்தது மேற்குப் பாதையின் கோடித் துண்டு, மும்பைக்கு வடக்கே உள்ள வைத்தர்ணாவிலிருந்து துறைமுகம்வரை. நிலம் கையில் வராமல் டெண்டர் விட்டால் இப்படித்தான். துறைமுகம்வரை பாதை சேராதவரை, கன்டெய்னர்கள் பழைய நெரிசல் பாதையில்தான் ஊர்ந்தாக வேண்டும்.